யன்னல் சுரண்டிய கிழமை

லண்டன் எட்மண்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு நூறு வருடத்துக்கு மேல் பழையது. வீட்டுச் சொந்தக்காரர் அதைப் பெருமையாகச் சொல்வார். "உது இவ்வளவு காலம் நிண்ட வீடு, இன்னும் நூறு வருசம் நிக்கும்" என்பார். நிற்கும்தான். அவர் ஒன்றும் செய்யாமலேயே அது இத்தனை காலம் நின்றிருந்தது. குளிர்காலத்தில் சமையலறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறும். சொன்னால், "யன்னலைத் திறந்து விடுங்கோ பிள்ளை, காத்துப் பட்டாச் சரி" என்பார். யன்னலைத் திறக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். மேலே தள்ளித் திறக்கிற பழைய மர யன்னல்கள். வருடக்கணக்காக ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிய பெயின்ட், அவற்றைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டிருந்தது.

அவர் ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அங்கே கடை வைத்திருந்தார். இங்கே வந்ததும் வீடுகள் வாங்கினார். தான் ஹரோவில் பெரிய தோட்டம் உள்ள வீட்டில் இருந்துகொண்டு, எட்மண்டன் பக்கத்து வீடுகளை எங்களைப் போன்றவர்களுக்கு விட்டிருந்தார். கோயில் நிர்வாக சபையிலும் இருந்தார். "ஒழுங்கெண்டா ஜெர்மன்காரனிட்டத்தான் படிக்கவேணும்" என்று அடிக்கடி சொல்வார். அவர் படித்துவந்த ஒழுங்கு முழுவதும், நாங்கள் குப்பைத் தொட்டியை எந்த நாளில் வெளியே வைக்கிறோம் என்று பார்ப்பதிலேயே செலவாகிவிடும். சுவருக்கும் யன்னலுக்கும் மிச்சம் இருக்காது.

என் கணவருக்கு அவர் மேல் பெரிய மரியாதை. கணவர் பஸ் ஓட்டுகிறவர். நாங்கள் கலியாணம் செய்த புதிதில் வீடு தேடி அலைந்தபோது யாரும் தராத நேரத்தில் இவர் தந்தார் என்பதை அவர் மறக்கவே மாட்டார். வாடகை வாங்கிக்கொண்டுதான் தந்தார் என்பதை மட்டும் மறந்துவிடுவார்.

எங்கள் பகுதியில் வாடகைக்கு விடுகிறவர்கள் கவுன்சிலில் லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆட்கள் வந்து வீட்டைப் பார்த்தாலும் பார்ப்பார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். திடீரென்று ஒரு நாள் வந்து நின்று, யன்னல்களை அண்ணாந்து பார்த்துக் கவலைப்பட்டார். அத்தனை வருடமும் நான் காட்டியபோது பார்க்காத யன்னல்கள். "பழசுதான். சுரண்டிப் பெயின்ட் அடிச்சா வடிவா வரும். ஆள் அனுப்புறன்" என்றார்.

அனுப்பிய ஆள் பிரான்சில் இருந்து வந்தவர். முப்பதைக் கடந்த வயது, மோர்டனில் குடும்பத்தோடு இருந்தார். வீட்டு வேலை எல்லாம் செய்வார்: குளியலறை மாற்றுவது, தரை போடுவது, பெயின்ட் அடிப்பது. எந்த வேலையைப் பற்றிக் கேட்டாலும் "பரிஸில நாங்கள் இப்பிடித்தான்" என்று தொடங்குவார். தன் வான் வண்டியில் இருந்து தேய்க்கிற மெஷினை இறக்கி, முன் அறை யன்னலில் வைத்து அழுத்தினார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சுவர் தெரியவில்லை. சோபா, தொலைக்காட்சி, காய வைத்த உடுப்பு, பிள்ளையின் விளையாட்டுச் சாமான் எல்லாவற்றின் மேலும் அரிசி மா போல வெள்ளையாகப் படிந்தது. தரையில் ஒரு துண்டு பொலித்தீன் கூட விரிக்கவில்லை. முகமூடி போட்டிருந்தார், அது நாடிக்குக் கீழே தொங்கியது.

அப்போது என் மகளுக்கு இரண்டு வயது ஆகவில்லை. எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற வயது.

"தம்பி, குழந்தை இருக்கிற வீடு. ஏதும் விரிக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

மெஷினை நிறுத்தி, மிகவும் பொறுமையானவர் போலச் சிரித்தார். "பின்னேரம் கூட்டித் தந்திட்டுத்தான் போவன் அக்கா. தூசிதானே."

"பழைய பெயின்டில லெட் இருக்குமெண்டு சொல்லுறவை. ஈயம், பிள்ளையளுக்கு நஞ்சு."

"அதெல்லாம் வெள்ளைக்காரன் வேலையைக் கூட்டுறதுக்குச் சொல்லுற கதை. நான் பரிஸில இருந்து உதே வேலைதான் செய்யிறன். எனக்கு என்ன நடந்தது, பாருங்கோ." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மயிர்க்கால் தோறும் வெள்ளைத் தூள்.

மத்தியானம் மீன் ரோல்ஸ் கொடுத்தேன். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுச் சாப்பிட்டார். குழாய் நாலடி தூரத்தில் இருந்தது.

சொந்தக்காரருக்குப் போன் எடுத்தேன். "வேலையெண்டா தூசி வரத்தானே செய்யும். ரெண்டு நாளைக்கு உறவுக்காரர் ஆரின்ரயும் வீட்ட போய் இருங்கோவன்" என்றார். எனக்கு இருந்த ஒரே அண்ணன் கனடாவில் இருந்தார். அதைச் சொன்னேன். "அப்ப அறையைப் பூட்டிக்கொண்டு இருங்கோ" என்றார். அறையிலும் யன்னல் இருந்தது. அது மறுநாள் சுரண்டவேண்டிய யன்னல்.

அந்தக் கிழமை முழுவதும் இப்படித்தான் போனது. தம்பி கூட்டாமலே போய்விடுவார்; நான் தும்புத்தடியால் கூட்டுவேன். கூட்டக் கூட்டத் தூசி எழும்பி மறுபடி படியும். பிறகுதான் தெரிந்தது, அப்படிக் கூட்டவே கூடாதாம், ஈரத் துணியால் துடைக்க வேண்டுமாம். அதை அறிந்திருக்க வேண்டிய ஆள் மெஷின் வைத்திருந்தார். யன்னல்கள் பளிச்சென்று வெள்ளையாகின. திறக்க மட்டும் இன்னும் முடியவில்லை. சுரண்டிய பிறகு அவர் மறுபடி ஒட்டப் பூசிவிட்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். மகள் சாப்பாட்டைத் தள்ளத் தொடங்கினாள். வயிறு நோகிறது என்பதைச் சொல்லத் தெரியாமல் காலை மடக்கி மடக்கி அழுவாள். மலம் போகாது. அவளுக்குச் சில சொற்கள் வந்திருந்தன: தா, பூ, பஸ், இல்லை. பஸ் என்ற சொல்லைத் தகப்பனைக் கண்டாலும் சொல்வாள். அவை ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு நாள் தகப்பன் சீருடையோடு வந்து நின்று, "நான் ஆர்? சொல்லுங்கோ, நான் ஆர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

டொக்டர் முதலில் பல் முளைக்கிறது என்றார். இரண்டாம் முறை போனபோது இரத்தம் குறைவாக இருக்கலாம் என்று இரத்தச் சோதனைக்கு எழுதினார். நான் யன்னல் சுரண்டிய கதையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு, இன்னொரு சோதனையையும் சேர்த்தார். அன்றைக்கு அதைச் சொல்லாமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு. நினைத்துப் பிரயோசனம் இல்லை.

இரத்தத்தில் ஈயம் இருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து ஏற்றுகிற அளவு இல்லை. ஆனால் பேசாமல் விடுகிற அளவும் இல்லை என்றார் டொக்டர். சில வருடங்களுக்கு முன்பு என்றால் இதே அளவைப் பார்த்துவிட்டுப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்களாம். பிறகு அந்த எல்லை அளவைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். இப்போது இந்த அளவு வந்தாலே பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். வயிற்றுவலியும் சொல் போனதும் ஈயத்தாலா, இரத்தக் குறைவாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். இரும்புச் சத்து மருந்து தந்தார். மற்றபடி மருந்து ஒன்றுதான்: எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்துவது.

பொதுச் சுகாதாரப் பிரிவில் இருந்து ஒரு பெண் போனில் நிறையக் கேள்வி கேட்டார். கண்ணுக்கு மை போடுகிறீர்களா, மஞ்சள் தூள் எங்கே வாங்குகிறீர்கள், ஊரில் இருந்து வந்த சட்டியில் சமைக்கிறீர்களா, கணவர் என்ன வேலை. அவர் கேட்டதில் தவறில்லை. மையிலும் மசாலாத் தூளிலும் கூட அது வருவதுண்டாம். நான் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தேன். கவுன்சிலில் இருந்து வந்த அதிகாரி மைச் சிமிழையும் மஞ்சள் பக்கற்றையும் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஈயத்தைக் கண்டுபிடிக்கிற, துப்பாக்கி போன்ற ஒரு கருவியை யன்னல் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு யன்னலாக வைத்தார். பிறகு படிக்கட்டுக் கைப்பிடியில் வைத்தார். முகத்தில் எதையும் காட்டாத மனிஷி. கடைசியில், பிள்ளையை யன்னல் பக்கம் விட வேண்டாம், கையை அடிக்கடி கழுவுங்கள், தரையை ஈரத் துணியால் துடையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரமே சொந்தக்காரர் வந்தார். யார் சொன்னார்கள் என்று கேட்கத் தேவையில்லை; என் கணவர் அவருக்கு "மரியாதைக்கு" அறிவித்திருந்தார். கையில் கோயில் லட்டுப் பெட்டி. சோபாவில் நடுவாக உட்கார்ந்து, பிள்ளையைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை.

"பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். நாங்கள் எல்லாரும் ஊரில எதில சமைச்சுச் சாப்பிட்டனாங்கள்?" என்றார்.

பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்.

"ஈயம் பூசின பாத்திரத்தில. வருசா வருசம் ஆள் வந்து பூசிப்போட்டுப் போவான். அதில புளி விட்டுக் கறி காய்ச்சி, ரசம் வைச்சு, சாப்பிட்டு வளர்ந்தனாங்கள். எங்களுக்கு என்ன குறை? மூளை வளரேல்லையோ?"

"அது வெள்ளீயம் அண்ணை. இது காரீயம்" என்றேன்.

"ரெண்டும் ஈயந்தானே."

"வெள்ளரிக்காயும் பாகற்காயும் காய்தான்."

கணவர் என்னைப் பார்த்தார். அண்ணையோடு இப்படிக் கதைக்காதே என்கிற பார்வை. சொந்தக்காரருக்குத் தேத்தண்ணி போடவென்று எழுந்து போனார். சொந்தப் பிள்ளைக்கு இரத்தத்தில் ஈயம். இவருக்கு விருந்தாளிக்குச் சீனி எத்தனை கரண்டி என்கிற கவலை.

சொந்தக்காரர் குரலைத் தணித்தார். "நான் கேள்விப்பட்டன், கண் மையைக் கொண்டு போனவையாம். பாத்தீங்களோ? அதுதான் விசயம். உங்கட சாமானில இருந்துதான் வந்திருக்கும். நீங்களே உதை முதலில அவையளுக்குச் சொல்லிப்போட்டா, பிரச்சினை முடிஞ்சிது. எங்கட ஆக்களுக்குள்ள ஏன் உந்தக் கவுன்சில் கரைச்சல்?"

"சோதிச்சுச் சொல்லுவினம்."

"சொல்லட்டும். அதோட இன்னொண்டு. அந்தக் கிழமை நீங்கள் வீட்டில இருக்கேல்ல, வேலை முடிஞ்ச பிறகுதான் வந்தனீங்கள் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். ஒரு சொல்லுத்தானே."

அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலில் பால் குடம் எடுத்து முன்னால் நடக்கிற மனிதர். பக்கத்து அறையில் என் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். இந்த ஆளுக்கு வெட்கம் என்ற ஒன்று எங்கே இருக்கும் என்று தேடினேன். ஜெர்மனியில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

"சொல்ல மாட்டன்" என்றேன்.

அவர் தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். போகும்போது வாசலில் நின்று கணவரிடம், "என்ர மகனுக்கும் வீடு தேவைப்படுது. யோசிச்சு வையுங்கோ" என்றார். அன்றிரவு கணவர் தூங்கவில்லை. ஆனால் நான் கவுன்சில் அதிகாரியிடம் கேட்டபோது, இப்படி முறைப்பாடு வந்து கவுன்சில் கட்டளை போட்டுவிட்டால் அதற்குப் பழிவாங்க எங்களை வீட்டை விட்டு எழுப்ப முடியாது என்று சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் கணவருக்கு நிமிர்ந்து நிற்கிற தைரியம் வந்தது. கொஞ்சம்தான். லட்டுப் பெட்டியை நான் குப்பையில் போட்டபோது தடுக்க வரவில்லை.

மையிலும் மஞ்சளிலும் ஒன்றும் இல்லை. யன்னலில் இருந்தது, படிக்கட்டில் இருந்தது, தரைத் தூசியில் இருந்தது.

அதிகாரி எல்லோரையும் ஒரே நாளில் வீட்டுக்கு வரச் சொன்னார். சொந்தக்காரர் கோட் போட்டு வந்தார். வேலைக்காரத் தம்பி பின்னால் வந்து சுவரோடு நின்றார். அதிகாரி பேசத் தொடங்கியதும், சொந்தக்காரர் கையைத் தூக்கி, "மை இங்கிலிஷ் நோ குட்" என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். போன வருடத் தேர்த் திருவிழாவில் பாராளுமன்ற உறுப்பினரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மைக் பிடித்து, சமூக ஒற்றுமை பற்றி இங்கிலிஷில் அரை மணி நேரம் பேசிய வாய் இது. நாங்கள் வெயிலில் நின்று கேட்டோம். மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க வேண்டும், இன்னொரு நாள் வைக்க வேண்டும், அதற்குள் வேறு ஏதாவது செய்யலாம்: இதுதான் கணக்கு.

அதிகாரி யோசித்துவிட்டு, எல்லாம் எழுத்திலும் வரும், ஆனால் இன்றைக்குச் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லிவிட முடியுமா என்று என்னைக் கேட்டார். முடியும் என்றேன். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். வாழ்க்கையில் எந்த வேலையையும் நான் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

"அண்ணை, இவ சொல்லுறா, வீடு உங்கட. யன்னலில இருக்கிற லெட் பெயின்ட் உங்கட. அது உரிஞ்சோ தூசியாகியோ பிள்ளையின்ர கைக்குப் போகாமப் பாக்கிற பொறுப்பும் உங்கட."

"பெயின்ட் நான் அடிச்சதில்லையெண்டு சொல்லுங்கோ. நான் வாங்க முதலே இருந்தது."

நான் சொன்னேன். அதிகாரி கேட்டதைத் திருப்பிச் சொன்னேன். "வீட்டை வாங்கேக்க யன்னலையும் சேர்த்துத்தானே வாங்கினீங்கள் எண்டு கேக்கிறா."

அவர் தம்பியைக் காட்டினார். "வேலை செய்தது இவன். நான் திருத்தத்தான் சொன்னனான். தூசி பறக்க விடச் சொல்லேல்ல."

தம்பி சுவரில் இருந்து விலகினார். "அண்ணை கெதியா முடிக்கச் சொன்னவர். நான் சொன்னதைத்தான் செய்தனான்."

ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டு நின்றார்கள். அதிகாரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை, இரண்டு பேருக்கும் போதுமான அளவு குற்றம் இருக்கிறது என்றார். ஆபத்தான வீடு சொந்தக்காரரின் பொறுப்பு. ஆபத்தான வேலை வேலை செய்தவரின் பொறுப்பு. பழைய பெயின்டில் கைவைக்க முன் அதில் லெட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மெஷினால் உலரத் தேய்க்கக் கூடாது. ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும். அறையை மூடிக் கட்ட வேண்டும். இதற்கென்று இருக்கிற உறிஞ்சுகிற மெஷினால்தான் துப்புரவாக்க வேண்டும். கழுவாத கையால் சாப்பிடக் கூடாது. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகக் கூடாது. வேலைப் பாதுகாப்பைப் பார்க்கிறவர்களுக்கும் தான் அறிவிக்கப் போவதாகச் சொன்னார். எல்லாவற்றையும் நான் சொன்னேன், ஒன்றும் விடாமல்.

"உந்தச் சட்டமெல்லாம் இப்பதானே வந்தது? எங்களுக்கு ஆர் சொன்னவை?" என்றார் சொந்தக்காரர்.

அதிகாரியின் பதிலை நான் தமிழில் சொன்ன விதம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அண்ணை, வேலைக்காரருக்கான சட்டம் கனகாலமா இருக்காம். இப்ப மாறினது, பிள்ளையின்ர ரத்தத்தில எவ்வளவு இருந்தா தாங்கள் வந்து கதவைத் தட்டுவினம் எண்டது மட்டுந்தானாம்."

அவர் கோட்டை இழுத்துச் சரி செய்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் சாதாரணமாகச் சொன்னார்: "அந்தக் கிழமை இவை வீட்டில இருக்கேல்லையெண்டு சொல்லுங்கோ."

இவை என்றால் நாங்கள். இவ்வளவுக்குப் பிறகும், அதைச் சொல்லும்படி என்னிடமே சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அந்தக் கிழமை நான் இந்த வீட்டில் இருக்கவில்லை என்று இவர் சொல்கிறார் என்று இங்கிலிஷில் சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அந்த முகத்தில் ஏதோ அசைந்ததை நான் முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன். "நீங்கள் இருந்தீர்களா?" என்று கேட்டார். "இருந்தேன். ரோல்ஸ் பொரித்தேன்" என்றேன்.

தம்பி தலையைக் குனிந்தார். சொந்தக்காரருக்கு அந்த நேரத்தில் இங்கிலிஷ் திரும்பி வந்துவிட்டது. "திஸ் இஸ் அ மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்" என்றார், ஒரு உச்சரிப்புப் பிழையும் இல்லாமல்.

அதிகாரி புறப்படும்போது தம்பியிடம், உன் இரத்தத்தையும் சோதித்துப் பார், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார். அப்படியானால் பிள்ளையையும் கொண்டு போ என்றார். தம்பி நாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அவர் வந்து கதவைத் தட்டினார். முகம் மாறியிருந்தது. அவருடைய இரத்தத்திலும் ஈயம் கூடுதலாக இருந்தது. அதைவிட, மோர்டனில் அவருடைய ஒரு வயதுப் பிள்ளைக்கும் இருந்தது. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போவார். போனதும் பிள்ளையைத் தூக்குவார். அவருடைய காற்சட்டையும் பிள்ளையின் உடுப்பும் ஒரே சலவை மெஷினில் சுழன்றன. வான் வண்டியில் அவருடைய சாமான் பெட்டிக்குப் பக்கத்தில்தான் பிள்ளையின் இருக்கை.

"அக்கா, உங்கட பிள்ளைக்கு என்ன மருந்து தந்தவை?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. பல நாள் பாத்திரம் கழுவும்போது மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தேன். அந்தப் பிள்ளையை நினைத்ததும் அவற்றில் பாதி போய்விட்டது. இரும்பு மருந்தைச் சொன்னேன். துடைக்கிற முறையைச் சொன்னேன். உடுப்பைத் தனியாகத் தோய்க்கச் சொன்னேன்.

"அண்ணை உங்களுக்கு என்ன சொன்னவரெண்டதைக் கவுன்சிலுக்குச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டேன். சுரண்ட முன்பே லெட் இருக்கலாம் என்று தான் சொந்தக்காரரிடம் சொன்னதாகவும், அதைப் பார்க்க வெளிக்கிட்டால் வேலை நீளும், பேசாமல் செய் என்று அவர் சொன்னதாகவும் சற்று முன்புதான் தம்பி என்னிடம் வாய் விட்டிருந்தார். அப்படியென்றால் என்னிடம் வெள்ளைக்காரன் கதை என்று சொன்னபோதே இவருக்கு விசயம் தெரியும்.

அவர் காலடியைப் பார்த்தார். "அண்ணை இன்னும் ரெண்டு வீட்டு வேலை தாறனெண்டவர் அக்கா."

அவரை உள்ளே கூப்பிடாமல் இருந்ததற்காக எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. அது அந்த நிமிடமே போய்விட்டது. தன் பிள்ளையின் இரத்தத்தை இரண்டு வீட்டு யன்னலுக்கு விற்கிறவனுக்கு எந்த வீட்டில் கதிரை போடுவது? "போட்டு வாங்கோ தம்பி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

கவுன்சிலுக்குச் சொன்னது அவருடைய மனைவி. நான் அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை. ஒரு நாள் எனக்குப் போன் எடுத்து, அதிகாரியின் நம்பர் வேண்டும் என்றார். "இவர் சொல்ல மாட்டார் அக்கா. இவருக்கு அண்ணைதான் பெரிசு. எனக்குப் பிள்ளைதான் பெரிசு. நான் சொல்லுறன்" என்றார். அழவில்லை. நம்பரைத் திருப்பிச் சொல்லிச் சரி பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அந்தக் கதை முழுவதிலும் நான் மரியாதையோடு நினைக்கிற ஆட்கள் குறைவு. அவர் ஒருவர்.

பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. கட்டளை வந்தது. வேலை நடக்கும் மட்டும் எங்களை வேறு இடத்தில், சொந்தக்காரரின் செலவில், இருத்தினார்கள். முழு உடம்பையும் மூடிய உடுப்போடு பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து, யன்னல்களைப் பொலித்தீனால் கூடாரம் போலக் கட்டி, ஈரமாக்கிச் சுரண்டினார்கள். சாமான் எடுக்கப் போனபோது வாசலில் நின்று பார்த்தேன். தூசி ஒரு பொட்டுக் கூட வெளியே வரவில்லை. அது முடியாத காரியம் இல்லை. யாருக்கும் மனம் இருக்கவில்லை, அவ்வளவுதான். சொந்தக்காரருக்கும் தம்பிக்கும் என்ன தண்டனை கிடைத்தது என்று எனக்கு முழுவதும் தெரியாது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அவருடைய மகன் இன்றுவரை அந்த வீட்டுக்கு வரவில்லை. நாங்களும் திரும்பிப் போகவில்லை. வேறு வீடு பார்த்துக்கொண்டோம்.

மகளின் இரத்தத்தில் அளவு மெல்ல மெல்ல இறங்கியது. சொற்கள் வந்தன, முதலில் "இல்லை", பிறகு மற்றவை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சனிக்கிழமைகளில் தமிழும் படிக்கிறாள். வாய் ஓயாது. ஆனால் எழுத்தைக் கொஞ்சம் மெதுவாகப் பிடிக்கிறாள் என்று ரீச்சர் சொன்னால், அந்தக் கிழமை கண்முன்னால் வந்து நிற்கும். இது அவளுடைய இயல்பா, அந்தத் தூசியா என்று டொக்டருக்கும் சொல்லத் தெரியாது. அதை அறிய வழி இல்லாமல் செய்ததுதான் அந்த மனிதர்கள் எனக்குச் செய்த பெரிய கெடுதல்.

போன கோடையில் ஹரோவில் தமிழ்ப் பள்ளி விழாவுக்குப் போயிருந்தோம். மண்டபத்தின் பின்பக்கம், சாப்பாட்டு மேசைகளுக்குப் பக்கத்தில், எங்கள் பழைய வீட்டுச் சொந்தக்காரரைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். எல்லோரும் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் போல இருந்தது. அவர் கை விரல்களை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப சட்டம் சரியான இறுக்கம். பழைய வீடெண்டா முதலில லெட் சோதனை செய்யவேணும். மெஷின் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஈரமாக்கித்தான் சுரண்டவேணும். எனக்கு உது எல்லாம் அத்துப்படி. ஜெர்மனியில நாங்கள் அந்தக் காலத்திலயே..."

ஒருவர் குறிப்பெடுக்கவும் செய்தார். நான் சோற்றுத் தட்டோடு அந்தப் பக்கம் போனேன். அவர் என்னைக் கண்டு, ஒரு கணம் நின்று, பிறகு சபைக்காரச் சிரிப்போடு, "ஆ, பிள்ளை. எப்பிடிச் சுகம்?" என்றார்.

"சுகம் அண்ணை" என்றேன். மற்றவர்களைப் பார்த்தேன். "அண்ணை சொல்லுறது அவ்வளவும் சரி. உதெல்லாத்தையும் அவருக்கு நான்தான் தமிழில மொழிபெயர்த்துச் சொன்னனான். அவரின்ர வீட்டிலதான் நாங்கள் இருந்தனாங்கள். என்ர மகளின்ர ரத்தத்திலதான் இருந்தது."

ஒருவர் தட்டைப் பார்த்தார், ஒருவர் மேடையைப் பார்த்தார். அவர் மட்டும் சிரித்தபடியே நின்றார். அந்தச் சிரிப்பை எடுத்து வைப்பதற்கு அவருக்கு வேறு இடம் இருக்கவில்லை.

நாங்கள் வெளியே வந்து ட்ரெயினுக்கு நடக்கும்போது, அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவர் பின்னால் வேகமாக வந்தார். மூச்சு வாங்கியது. தன்னுடைய வீடு ஒன்றில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது, யன்னல் பெயின்ட் உரிகிறது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "நான் உங்களிட்டக் கேட்டனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

யாரைப் பற்றிச் சொல்வது? எனக்கு அவர் யாரென்றே தெரியாது.